வடக்கனந்தலில் ஒரு சோல்ஸ்டிஸ்

வடக்கனந்தல் வெங்கடேசன் வீட்டில் விளக்குகள் மட்டும் இருபத்து மூன்று. மாட்டுக்கொட்டகைக்கே இரண்டு டியூப்லைட். அப்பேர்ப்பட்ட வீட்டில் இருட்டைக் கொண்டாடப் போகிறார்கள் என்றதும், அங்கே பாத்திரம் தேய்க்கும் செவ்வந்திக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

எல்லாம் மகள் அபிநயாவின் ஏற்பாடு. பெங்களூர் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறவள்.

"ஞாயித்துக்கெழம விண்டர் சோல்ஸ்டிஸ். வருஷத்துலயே பகல் கம்மி, ராத்திரி ஜாஸ்தி. லைட்டெல்லாம் ஆஃப் பண்ணிட்டு, அகல் ஏத்தி, சிம்பிளா சாப்ட்டு, அமைதியா உக்காரணும்" என்றாள்.

"மார்கழியில தெனம் வெளக்கு ஏத்திக்கினுதானே இருக்கோம்?" என்றாள் தாய் மணிமொழி.

"அது வேறம்மா. இது மனசார பண்றது."

பனியில் குனிந்து கோலம் போட்டுப் போட்டே இடுப்பொடிந்த மணிமொழி, இத்தனை வருடமும் மனசில்லாமல்தான் போட்டோம் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டாள்.

செவ்வந்தியின் கவலை வேறு. வெங்கடேசனின் கரும்புக் காட்டைத் தாண்டித்தான் அவள் வீடு. கரண்ட் வரவேண்டுமானால் அவர் வரப்போரம் ஒரே ஒரு போஸ்ட் நடவேண்டும். அதற்கு அவர் சம்மதக் கையெழுத்து. அந்தக் காகிதத்தை ஐப்பசியிலிருந்து இடுப்பிலேயே செருகிக்கொண்டு திரிகிறாள். மகள் ஷாலினி பத்தாவது. மார்ச்சில் பொதுப்பரீட்சை. செல்போன் டார்ச்சில் படிக்கிறாள், அந்தப் போனுக்குச் சார்ஜ் ஏறுவதும் இந்த மாட்டுக்கொட்டகையில்தான். மாடு வெளிச்சத்தில் அசைபோட, பிள்ளை இருட்டில் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறதே என்று செவ்வந்திக்கு வயிறு எரியும். கேட்டால் வெங்கடேசன் முடியாது என்று சொல்லமாட்டார். "பாக்கலாம்" என்பார். அவள் அந்தப்பக்கம் போனதும் மனைவியிடம், "இன்னிக்கி போஸ்ட்டுக்கு எடம் குடுத்தா நாளிக்கி ரோட்டுக்குக் கேப்பாங்க" என்பார். அடுப்படியில் இருப்பவளுக்குக் காது இருக்காது என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

கொண்டாட்டம் எளிமையாக இருக்கவேண்டுமாம். அதனால் நான்கு நாளாகச் செவ்வந்திக்கு ஓயாத வேலை. ஆரஞ்சை வட்டவட்டமாக நறுக்கி மாடியில் காயவைத்துத் தோரணம் கட்டச் சொன்னார்கள். பாதியைக் காக்காய் கொண்டுபோயிற்று. நூற்றெட்டு அகலைத் துடைத்தாள். கல்வராயன் மலையிலிருந்து சாமை வரவழைத்துச் சோறு வடித்தார்கள். எளிய சாப்பாடு என்பதால் தொட்டுக்கொள்ள ஆறு வகைதான்.

ஞாயிறு சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கியதும் மெயினை ஆஃப் செய்தார்கள். "உங்க வூட்ல மட்டும் கரண்ட் இல்லியா?" என்று எதிர்வீட்டிலிருந்து விசாரிப்பு வந்தது. கூடத்தில் மெத்தை போட்டு உட்கார்ந்தார்கள். அபிநயா போனை ஸ்டாண்டில் நிறுத்தி லைவ் போட்டாள். ஐந்தாவது நிமிடமே வெங்கடேசன் காலைத் தட்ட ஆரம்பித்தார்.

"கொசு பிடுங்குது. ஃபேன மட்டுமாச்சும் போடேன்."

"அப்பா, இருட்ட ஃபீல் பண்ணுங்க."

பிறகு ஆளுக்கொரு துண்டுத்தாளும் பேனாவும் கொடுத்தாள். வாழ்க்கையிலிருந்து எது போகவேண்டுமோ அதை எழுதி விளக்கில் கொளுத்தவேண்டும். வெங்கடேசன் கண்ணாடியைக்கூடப் போடாமல் 'சர்க்கரை' என்று எழுதிக் கொளுத்தினார். மணிமொழி என்ன எழுதினாள் என்று காட்டவில்லை, ஆனால் கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் கொளுத்தினாள்.

"செவ்வந்திக்கா, நீங்களும் வாங்க. இன்னிக்கி எல்லாரும் ஒண்ணு" என்றாள் அபிநயா.

இத்தனை வருடத்தில் அந்தக் கூடத்தில் அவளை யாரும் உட்காரச் சொன்னதில்லை. கைகளைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து, மெத்தையை விட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். அஞ்சாவது படித்த எழுத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினாள். அபிநயா அதை வாங்கி லைவுக்குக் காட்டினாள்.

"இருட்டு! அக்கா, எவ்ளோ ஆழமா யோசிச்சிருக்கீங்க. இருநூறு பேர் ஹார்ட் போடறாங்க."

வெங்கடேசனும் பெருமையாகத் தலையாட்டினார். தன் வீட்டில் வேலை செய்கிறவள் அல்லவா.

செவ்வந்தி அந்தத் தாளைக் கொளுத்தவில்லை. இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்து அவர்முன் வைத்தாள்.

"ஐயா, இதுல ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா எங்க இருட்டு போயிடுங்க."

"இன்னாது இது?"

"உங்க வரப்போரம் போஸ்ட் நடறதுக்குங்க. எங்க வூட்டுக்குக் கரண்ட் இல்லீங்களே."

வெங்கடேசன் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், கழுத்தைச் சொறிந்தார். "இருட்டுல எழுத்தே தெரியல செவ்வந்தி. நாளிக்கி பாக்கலாம்" என்றார்.

சர்க்கரை என்று எழுதும்போது நன்றாகத் தெரிந்த கண்தான். செவ்வந்திக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் அந்த ஒரு வார்த்தையில் விட்டுப்போயிற்று. எழுந்து நேராக நடைக்குப் போனாள், மெயினைத் தட்டிவிட்டாள். இருபத்து மூன்று விளக்கும் சேர்ந்து எரிந்தன.

"இப்ப தெரியுதுங்களா ஐயா?"

மணிமொழி கீழே கிடந்த பேனாவை எடுத்து, துடைத்து, கணவன் கையில் வைத்தாள். போனில் 'சைன் பண்ணுங்க அங்கிள்' என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. அத்தனை பேர் பார்க்கும்போது எந்த மனிதன்தான் கெட்டவனாக இருப்பான்? வெங்கடேசன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். நீளமாகக் கையெழுத்துப் போட்டார்.

மை காயும்வரை ஊதிவிட்டுச் செவ்வந்தி காகிதத்தை மடித்தாள். அபிநயா லைவை நிறுத்தினாள். அவளுக்கு முகமே விழுந்துவிட்டது.

"அடுத்த வருஷம் உங்க வூட்லதான் பண்லாம்னு இருந்தேன்கா. அங்கதான் இருட்டு ஒரிஜினலா இருக்கும்."

"அப்பன்னா இந்த வாரமே வந்துடு பாப்பா" என்றாள் செவ்வந்தி. "அடுத்த வருஷம் எங்க வூட்ல கெடைக்காது."