பதினொன்றாவது கோப்பு

எங்கள் கல்லூரியில் தரத்தைக் கவனிப்பதற்கென்றே ஒரு பேராசிரியர் இருக்கிறார். அவருக்கு நான் வைத்த பெயர் சதவீதம். "சாப்பிட்டீங்களா சார்?" என்று கேட்டால் "எண்பது சதவீதம்" என்பார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நாள் அப்படித்தான் சொன்னார்.

நான் மாணவர் பதிவுப் பிரிவில் குமாஸ்தா. பதினெட்டு வருடமாக அதே மேஜை, அதே ஜன்னல், அதே ஆட்டம் காணும் நாற்காலி. பிள்ளைகள் சேரும்போதும் என்னிடம்தான் வருவார்கள், போகும்போதும் என்னிடம்தான். நடுவில் அவர்கள் படிக்கிறார்களா என்பது எனக்குத் தெரியாது. ஸ்டேப்ளரை மட்டும் தெரியும்.

ஸ்டேப்ளர் ஒரு பெண். முதல் வருடம் சேர்ந்த நாளிலிருந்து கட்டுரை சமர்ப்பிக்கும் நாளெல்லாம் ஓடி வந்து, "அக்கா, ஒரே ஒரு பின்னு" என்று என் மேஜைமேல் இருக்கும் ஸ்டேப்ளரை எடுப்பாள். "ஏம்மா, சொந்தமா ஒண்ணு வாங்கினா குறைஞ்சா போயிடுவே?" என்று திட்டுவேன். "வாங்கிட்டா உங்களை எப்படிப் பார்க்கிறது?" என்பாள். அந்த வாய்க்காகவே கொடுப்பேன்.

இரண்டாம் வருடம் நடுவில் ஒரு நாள் பின் கேட்காமல் வந்து நின்றாள். அவள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. அப்பா எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க வீட்டில் இவளைவிட்டால் வேறு ஆளில்லை. அழுதுகொண்டே நூலகப் புத்தகங்கள் நான்கையும் மேஜைமேல் வைத்தாள். அந்த நிலைமையிலும் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது பாருங்கள்.

விடுப்புப் படிவத்தை எடுத்து நீட்டினேன். "படிச்சுப் பார்த்துக் கையெழுத்துப் போடும்மா. ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துட்டா விட்ட இடத்துலேர்ந்தே படிக்கலாம். நான் இங்கதான் இருப்பேன், எங்க போயிடப் போறேன்?" என்றேன். அவள் எங்கே படித்தாள்? கண்ணைத் துடைத்துக்கொண்டே போட்டுவிட்டுப் போனாள்.

அதற்கு அடுத்த வருடம் மதிப்பீட்டுக் குழு வருகிறது என்றார்கள். கல்லூரிக்கே காய்ச்சல் கண்டது. பூந்தொட்டிகள் வந்தன. பெண்கள் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்தது. பத்து வருடமாக நாங்கள் கெஞ்சியும் வராத தாழ்ப்பாள்! குழு வருவதற்கு முதல் நாள் மதியம் சதவீதம் என் மேஜைக்கு வந்து, எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நானூத்தி எண்பது பேர் சேர்ந்தாங்க. ஐம்பத்தெட்டுப் பேர் பாதியில நின்னுட்டாங்க. பன்னிரண்டு சதவீதம். பத்துக்குக் கீழ இருந்தாத்தான்மா முதல் தரம்."

"அதுக்கு நான் என்ன சார் செய்ய? போய்த் தூக்கிட்டு வரவா?"

அவர் சிரிக்கவில்லை. அச்சடித்த படிவக் கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். விதியில் ஓர் ஓட்டை கண்டுபிடித்திருந்தார் மனிதர். சொல்லாமல் கொள்ளாமல் நின்றவரும் விடுப்பில் போய் இன்னும் வராதவரும் இடைநின்றவர். தானாகவே எழுதிக் கொடுத்துச் சேர்க்கையை ரத்து செய்தவர் இடைநின்றவர் இல்லை, அவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். பதினொரு பேர் அப்படி எழுதிக் கொடுத்ததாகக் கோப்பில் இருந்தால் போதும். ஆனால் ரத்து செய்தவருக்குத் திரும்பி வரும் உரிமை கிடையாது. அதைச் சொன்னேன்.

"யாரும்மா திரும்பி வர்றாங்க? உங்க சர்வீஸ்ல எத்தனை பேர் வந்திருக்காங்க, சொல்லுங்க பார்ப்போம்."

யோசித்தேன். ஒரே ஒருவன் வந்தான். அவனும் சான்றிதழை வாங்கிப் போக வந்தவன்.

முடியாது என்று இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லவில்லை. யாரும் என்னை மிரட்டவில்லை. வேலை போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. மணி நாலரை ஆகியிருந்தது, பஸ் கூட்டமாகிவிடும், வீட்டுக்குப் போக வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான் காரணம். இதைவிடப் பெரிய காரணம் இருந்தால் இப்போது கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ரத்து செய்ய வேண்டுமானால் நூலகத்தில், ஆய்வகத்தில் எதுவும் பாக்கி இருக்கக் கூடாது. அப்படிச் சுத்தமாகப் பத்துக் கோப்புகள் கிடைத்தன. அவற்றில் இருந்த தொலைபேசி எண்கள் எதுவும் உயிரோடு இல்லை. சரி, இவர்கள் வரப்போவதில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பதினொன்றாவது தேடியபோது ஸ்டேப்ளரின் கோப்பு வந்தது. எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி. புத்தகம் நான்கும் ஒப்படைப்பு. பளிச்சென்று இருந்தது. புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காமல் ஓடியவர்கள் எல்லாரும் தப்பித்துக்கொண்டார்கள், இவள் மாட்டிக்கொண்டாள்.

ரத்துப் படிவத்தில் அவள் விடுப்புக் கேட்ட நாளின் தேதியைப் போட்டு, சேர்க்கை விண்ணப்பத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் கையெழுத்தையும் நானே போட்டேன். பெயருக்கு அடியில் ஒரு கோடு, கோட்டுக்கு அடியில் இரண்டு புள்ளி. அச்சு அசலாக வந்தது. அவள் அழுதுகொண்டே போட்ட விடுப்புப் படிவத்தை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். "சரிபார்க்கப்பட்டது" என்ற இடத்தில் என் கையெழுத்து. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது.

குழு வந்தது. தாழ்ப்பாளைப் போட்டுத் திறந்து பார்த்தார்களாம். முதல் தரம் கிடைத்தது. வாசலில் பெரிய பலகை வைத்தார்கள். ஐம்பத்தெட்டுப் பேர் ஏன் நின்றார்கள் என்று அந்தக் குழுவிலும் ஒரு ஜீவன் கேட்கவில்லை, எங்கள் கல்லூரியிலும் கேட்கவில்லை.

போன திங்கட்கிழமை காலை ஜன்னலில் நிழல் தட்டியது. நிமிர்ந்தேன்.

"அக்கா, வந்துட்டேன்! இன்னும் ஒன்பது நாள் பாக்கி இருக்கு, கரெக்டா எண்ணிட்டு வந்தேன்."

இளைத்திருந்தாள். கை மட்டும் முரடாகியிருந்தது, ஆளைத் தூக்கித் தூக்கி. அம்மா இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாளாம், சித்தி வந்து கூடவே தங்கிவிட்டாளாம். பையிலிருந்து சின்னதாக ஒரு சிவப்பு ஸ்டேப்ளரை எடுத்துக் காட்டினாள். "இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்ல, சொந்தமா வாங்கிட்டேன்" என்று சிரித்தாள்.

"உட்காரும்மா" என்று சொல்லிவிட்டுச் சதவீதத்தின் அறைக்கு ஓடினேன். விஷயத்தைக் கேட்டார்.

"கோப்பைத் திறந்தா பதினொண்ணும் வெளிய வரும். அடியில யார் கையெழுத்தும்மா இருக்கு?"

"என்னோடதுதான் சார்."

"அப்புறம் என்ன? புதுசா விண்ணப்பம் போடச் சொல்லுங்க. இடம் கிடைக்க நான் பேசறேன்."

திரும்பி வந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். நம்புங்கள். ஆனால் வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"நீ ரத்துன்னு எழுதிக் கொடுத்திருக்கேம்மா. இனி பழைய இடம் கிடைக்காது."

"நானா? நான் விடுப்புதானேக்கா கேட்டேன்?"

கோப்பைத் திருப்பி வைத்தேன். படிவத்தை அவள் இரண்டு முறை படித்தாள். அந்தக் கோட்டையும் புள்ளிகளையும் விரலால் தடவினாள். என்னைப் பார்த்துக் கத்துவாள், கத்தட்டும் என்று காத்திருந்தேன். அவள் தன் நெற்றியில் தானே அடித்துக்கொண்டாள்.

"என் கையெழுத்தேதான். நீங்க அன்னைக்கே படிச்சுப் பார்த்துப் போடுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டீங்க. நான்தான் அழுதுட்டே எதுல போட்டேன்னு தெரியாமப் போட்டிருக்கேன். ஆஸ்பத்திரியிலயும் அந்த வாரம் நீட்டின இடத்துல எல்லாம் போட்டேன். சாரிக்கா, உங்களுக்கும் சிரமம்."

என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள். பாவி, நான் அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புது விண்ணப்பத்தைக் கொடுத்தேன். ஜன்னல் ஓரமாக நின்று எழுத ஆரம்பித்தாள். இரண்டாம் பக்கத்தில் பேனா நின்றது.

"அக்கா, இதுக்கு முன்னால இந்தக் கல்லூரியில படிச்சிருக்கீங்களான்னு கேட்டிருக்கு. ஆமான்னு தானே போடணும்?"

ஆமாம் என்று எழுதினால் விண்ணப்பம் மேலே போகும், பழைய கோப்பைக் கேட்பார்கள், அவளை நினைவு வைத்திருக்கும் யாராவது அந்த விடுப்புப் படிவம் எங்கே என்பார்கள். இல்லை என்று எழுதினால் அவள் தேறிய பாடமெல்லாம் போயிற்று, முதல் வருடத்திலிருந்து தொடங்க வேண்டும். இது இரண்டும் எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"இல்லைன்னு எழுதும்மா."

"அப்ப நான் வாங்கின மார்க்கெல்லாம்?"

"ஆமான்னு போட்டா சேர்த்துக்கவே மாட்டாங்க."

அவள் ஜன்னல் வழியாக என்னையே பார்த்தாள். "நீங்க சொன்னா சரியாத்தான்க்கா இருக்கும்" என்றாள்.

இல்லை என்று எழுதினாள். பக்கங்களைத் தட்டிச் சேர்த்து, தன் சிவப்பு ஸ்டேப்ளரால் ஓரத்தில் ஒரு பின் அடித்து, என் பக்கம் நீட்டினாள். நான் வாங்கி, சரிபார்க்கப்பட்டது என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.