நிலையான பதிப்பு

நெட்டை அவளுடைய கணினி பழுதுபார்க்கும் கடைக்குள் நுழைந்தபோது அவள் ஒரு மடிக்கணினியின் முதுகுப்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். தலை இடிக்காமலிருக்க அவன் குனிந்த விதத்திலேயே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. கல்லூரிக் கணினிக்கூடத்தின் கதவும் அவனுக்குக் குட்டையாகத்தான் இருந்தது.

"டாக்டர்!" என்றான். செத்துக் கிடந்த இயந்திரங்களுக்கெல்லாம் அவள் உயிர் கொடுத்த காலத்தில் அவன் வைத்த பட்டப்பெயர். வேறு யாரும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை.

"வாங்க" என்றாள். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டு, "வா" என்றாள்.

தோளில் இரண்டு பை, கையில் ஒன்று. மூன்றிலும் பழைய மடிக்கணினிகள். அவற்றை இயக்குகிற சிஸ்டத்துக்கு ஆயுள் முடிந்துவிட்டது. புதிதாக வந்திருப்பதை அவை தாங்காது.

"மூணையும் தூக்கிப் போடுங்கன்னு சொல்றாங்க. நீ இருக்கறப்ப நான் எதுக்குத் தூக்கிப் போடணும்? இலவசமா கிடைக்குதாமே லினக்ஸ் சிஸ்டம், அதைப் போட்டுக் குடு."

"லினக்ஸ்ல எத்தனையோ இருக்கு. எல்லாருக்கும் ஒரே அளவுல சட்டை தைக்க முடியுமா? எது யாருக்கு, என்ன வேலைக்குன்னு சொல்லு."

யார் வந்தாலும் அவள் கேட்பதுதான் இது. ஆனால் அவன் பதில் சொல்லச் சொல்லத்தான் அவளுக்கு உறைத்தது: இத்தனை வருஷமாக யாரிடமும் விசாரிக்காமல் அடக்கிவைத்ததையெல்லாம் தொழில் என்கிற சாக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்று அவன் அப்பாவுடையது. கண் மங்கல். செய்தி படிப்பார், பாட்டுக் கேட்பார், எதையாவது தட்டிவிட்டு 'எல்லாம் போச்சு' என்று வீட்டையே கூட்டுவார்.

"லினக்ஸ்ல மின்ட்னு ஒண்ணு இருக்கு, அவருக்கு அதைப் போடறேன். பழைய பழக்கத்துக்கு ஒத்துப்போகும். எழுத்தைப் பெருசாக்கி, தேவையானதை மட்டும் கண்ணு முன்னாடி வைக்கிறேன்."

அடுத்தது அவன் மகளுடையது. பாடி, பதிவு செய்கிறாள்.

"ஒலிப்பதிவு வேலைக்குன்னே உபுண்டு ஸ்டுடியோன்னு இருக்கு. அதான் சரி. யார் மாதிரி பாடுவா?" கடைசிக் கேள்வி எந்த சிஸ்டத்துக்கும் தேவையில்லாதது.

"அவ அம்மா மாதிரி. அடுக்களையில என் வீட்டுக்காரி பாடினா நான் பேப்பரை மடிச்சு வச்சிடுவேன். நான் வாயைத் திறந்தா வீடே காலி."

அவள் சிரித்தாள். மூன்றாவது பையைத் தன் பக்கம் இழுத்தாள்.

மூன்றாவது அவனுடையது. நில அளவைக்காரன். போகிற இடத்திலெல்லாம் அளந்து வரைபடம் போட வேண்டும். "நடுக்காட்டுல மக்கர் பண்ணக்கூடாது. அவ்வளவுதான்."

கேட்க வேண்டியது தீர்ந்துவிட்டது. அவன் நகரவில்லை.

"நீ எப்படி இருக்க?"

"அக்கா வீட்டு மாடியில இருக்கேன். நான் மட்டுந்தான்."

அவன் மேசைமேல் சிதறிக் கிடந்த திருகாணிகளை ஒன்றுசேர்த்தான். "காலேஜ் முடிஞ்சு நான் ஊரைவிட்டுக் கிளம்பினப்ப நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"நீயும்தான் சொல்லலை."

"ஆமா" என்றான். திருகாணிகளை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். வெள்ளிக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் காலையில் முதல் இரண்டும் சுலபமாக முடிந்தன. மூன்றாவதில்தான் கை தயங்கியது.

லினக்ஸில் ஒரு ரகம் உண்டு. புதிதாக எது வந்தாலும் உடனுக்குடன் ஏற்றிக்கொண்டே இருக்கும். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆனால் அவ்வப்போது எங்காவது சிக்கிக்கொள்ளும். தெரிந்தவர்கள் தாங்களே சரிசெய்துகொள்வார்கள். நெட்டைக்குத் தெரியாது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இங்கேதான் வருவான். பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. இதுதான் புதுசு என்றால் தலையாட்டிவிடுவான்.

அந்த ரகம் இருந்த பென்டிரைவைச் செருகிவிட்டாள். திரையில் தொடங்கலாமா என்று கேட்டது. அவள் விரல் பொத்தானின் மேலேயே கிடந்தது. அவன் குனிந்து உள்ளே வருவது, எதிரே உட்காருவது, 'டாக்டர், மறுபடி போச்சு' என்பது எல்லாம் கண்ணில் ஓடின. கூடவே இன்னொன்றும் தெரிந்தது. ஆளரவமில்லாத பொட்டலில், அளக்கச் சொன்னவர்கள் சுற்றி நிற்க, அசையாத திரையைப் பார்த்துக்கொண்டு அவன் நிற்பது.

"சீ, என்ன புத்தி இது" என்று வாய்விட்டே சொல்லிவிட்டு அதைப் பிடுங்கினாள்.

லினக்ஸிலேயே டெபியன் என்ற இன்னொரு ரகத்தின் நிலையான பதிப்பைப் போட்டாள். சட்டென்று எதையும் மாற்றாது; முரண்டு பிடிக்காது. வரைபட மென்பொருளை ஏற்றி, ஒன்றுக்கு நாலுமுறை ஓடவிட்டுப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை நல்ல புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தாள். அவன் வரவில்லை, அவன் மனைவி வந்தாள்.

"அவர் அவசரமா வெளியூர் கிளம்பிட்டார். டாக்டர் டாக்டர்னு அவர் சொல்றதைக் கேட்டு, நான் ஏதோ கிளினிக்குன்னே நினைச்சேங்க" என்று மலர்ந்து சிரித்தாள் அந்தப் பெண். வெறுக்க முடியாத சிரிப்பு.

அவள் மடிக்கணினிகளை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினாள். பாட்டுப் பதிவைக் காட்டும்போது, "நீங்க நல்லாப் பாடுவீங்களாமே?" என்றாள்.

"யாரு, அவரா சொன்னார்?" அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. "என்கிட்ட ஒருநாள்கூடச் சொன்னதில்லையே!"

"சொன்னார். நீங்க பாடினா பேப்பரை மடிச்சு வச்சிடுவாராம்."

கிளம்பும்போது அந்தப் பெண், "மறுபடி எப்ப கொண்டுவரணும்?" என்றாள்.

"கொண்டுவரவே வேண்டாம். ரொம்ப நாளைக்கு ஓடும்."

அப்படியேதான் ஓடியது போலிருக்கிறது. மழைக்காலம் போய் வெயில் வந்தது, நெட்டை வரவில்லை. வாசலில் உயரமாக ஒரு நிழல் விழுந்தால் மட்டும், செய்கிற வேலை எதுவானாலும் அவள் ஒருகணம் நிமிர்ந்து பார்ப்பாள்.