வாசலுக்கு வந்த மேஜை

பர்மாவுக்குச் சுதந்திரம் வந்த மறுநாள் காலை மா சோ மே புருஷனின் செருப்பைத் துணியில் சுற்றிக்கொண்டு, சோற்றுத் தூக்கோடு அதிகாரியின் அலுவலக வாசலில் போய் உட்கார்ந்தாள். புருஷன் லூ பே எதிரே லாக்கப்பில் இருந்தான். திருடவில்லை, யாரையும் அடிக்கவில்லை. 'பர்மியர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும்' என்ற பலகையைப் பார்த்த பிறகும் செருப்போடு உள்ளே போனான், அவ்வளவுதான். அவனை அடைத்த வெள்ளைக்காரத் துரை கப்பலேறிப் போய்விட்டார். இனி புது அதிகாரி ஒரு கையெழுத்துப் போட்டால் ஆள் வெளியே வந்துவிடுவான்.

புது அதிகாரி ஊ தான் டின் பளபளவென்று பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். அவரும் பர்மியர்தான். சேவகர் ஊ பாச்சோ வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"ஐயா, பூட்ஸைக் கழட்டிடுங்க."

"யோவ், இங்க அதிகாரியே நான்தான்யா."

"அதிகாரிதான். பர்மாக்காரருமாச்சே. பலகையில இருக்கு பாருங்க."

"அதைப் பிடுங்கிப் போடு."

"முத்திரை போட்டு எழுத்துல உத்தரவு கொடுங்க, இப்பவே பிடுங்கறேன்."

"முத்திரை எங்க?"

"மேஜை மேல."

"மேஜை?"

"உள்ள."

சுதந்திர நாட்டின் முதல் வேலைநாளில் பூட்ஸைக் கழற்றுவதாவது! அதிகாரி நகரவில்லை. சேவகரும் நகரவில்லை. வெயில் ஏறியது. மா சோ மே எழுந்து வந்தாள்.

"மேஜையை வெளிய தூக்கிட்டு வாங்களேன் பெரியவரே. அது என்ன செருப்பா போட்டிருக்கு?" என்றாள்.

ஊ பாச்சோ யோசித்தார். மேஜையைப் பற்றிப் பலகையில் ஒன்றும் இல்லை. மேஜையும் நாற்காலியும் புளியமரத்தடிக்கு வந்தன. அதிகாரி உட்கார்ந்தார். அலுவலகமே இங்கே வந்துவிட்டதென்று ஊ பாச்சோ பலகையையும் கொண்டுவந்து மரத்தில் மாட்டினார்.

மரத்தடியில் நின்ற சனம், மா சோ மே உட்பட, சடசடவென்று செருப்பைக் கழற்றியது. அதிகாரி அதைப் பார்த்தார். பலகையைப் பிடுங்கும் உத்தரவுக்காக எடுத்த தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். விடுதலைக்கு மட்டும் கையெழுத்துப் போட்டார்.

லூ பே வெளியே வந்து, மனைவி நீட்டிய செருப்பை மாட்டிக்கொண்டு விடுதலைத் தாளில் கைரேகை வைக்க மேஜையை நெருங்கினான்.

"செருப்பைக் கழட்டிட்டு வாப்பா," என்றார் அதிகாரி, அன்பாகவே.

"நீங்க போட்டிருக்கீங்களே?"

"நான் ஏற்கெனவே உள்ள வந்தாச்சே."

லூ பே செருப்பைக் கழற்றவில்லை. மனைவியிடம் திரும்பினான்.

"சோத்துக்கு மீன் வச்சிருக்கியா?"

"இருக்கு."

"கொண்டா. உள்ள போய்த் தின்னுக்கறேன்."

செருப்போடு லாக்கப்பைப் பார்த்து நடந்தான். மா சோ மே சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டாள். குவியலில் தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே போனாள். லாக்கப் வாசலில் பலகை எதுவும் இல்லை.