ஒன்பதரை மணி மாத்திரை

அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஐந்து வருடம் ஆகிறது. கன்னிவாடியில் பார்க்கும் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை முன்பு நாள் முழுக்கத் தாங்கியது. இப்போது தாங்குவதில்லை. போன மாதம் மட்டும் இரண்டு முறை விழுந்துவிட்டார். இரண்டாவது முறை புருவம் கிழிந்து நான்கு தையல்.

மதுரையிலிருந்து ஒரு நரம்பியல் டாக்டர் மாதத்தின் முதல் சனிக்கிழமை மட்டும் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைக்கு வருகிறார். பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைதான் இருப்பார். இரண்டு மாதம் காத்திருந்து டோக்கன் வாங்கினோம். போனில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொன்னார்கள்: காலை மாத்திரையைப் போடாமல் அழைத்து வர வேண்டும். மாத்திரை இல்லாமல் எப்படி இருக்கிறார் என்று பார்த்தால்தான் மருந்தை மாற்ற முடியுமாம்.

நான் சாயங்காலம் டைப்பிங் வகுப்புக்குப் போகிறேன். வகுப்புக்கு வாங்கிய நோட்டின் பின்பக்கத்தில் ஆறு வாரமாக அப்பாவைப் பற்றி எழுதி வந்தேன். மாத்திரை போட்ட நேரம், கை நடுக்கம் அடங்கிய நேரம், கால் தரையில் ஒட்டிக்கொண்ட நேரம், மிச்சமிருக்கும் மாத்திரை. போட்டு நாற்பது நிமிடத்தில் மருந்து பிடிக்கும். பிறகு இரண்டு மணி நேரம் நடப்பார். என் கணக்கு தப்பாக இருக்குமோ என்று சுவர்க் கடிகாரத்தையும் போனையும் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்வேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பிடும்போது அம்மா கேட்டாள்.

"ஏத்தா அன்பு, மாத்திர போட்டா எம்புட்டு நேரத்துல நல்லா நடப்பாரு?"

அம்மா என் நோட்டைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. சந்தோஷமாகப் பக்கம் பக்கமாகப் புரட்டி விளக்கினேன். "நாற்பது நிமிசமா?" என்று ஒரு முறைக்கு இரு முறை கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் அப்பாவைக் கட்டிலிலிருந்து தூக்கித்தான் ஆட்டோவில் வைத்தோம். ஒன்பதே காலுக்குத் திண்டுக்கல் வந்துவிட்டோம். மருத்துவமனைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அவரை உட்கார வைத்ததும் அம்மா சொன்னாள், "நீ போயி டோக்கனக் காட்டிட்டு வா. நாங்க செத்த நேரம் இருந்து வாரோம்."

பத்து நாற்பதுக்கு எங்களைக் கூப்பிட்டார்கள். அப்பா டீக்கடை பெஞ்சிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார். சீட்டு எழுதும் மேசையைத் தாண்டும்போது அங்கிருந்த பெண்ணுக்கு ஒரு கும்பிடு வேறு போட்டார். எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நன்றாகத் தூங்கிய நாட்களில் மாத்திரை இல்லாமலும் கொஞ்சம் நடந்திருக்கிறார். ஆனால் இவ்வளவா?

டாக்டர் விரல்களைத் தட்டச் சொன்னார், நாற்காலியில் கை ஊன்றாமல் எழச் சொன்னார், வராந்தாவில் நடக்கச் சொன்னார். எல்லாம் செய்தார்.

"காலையில மாத்திரை போட்டீங்களா?"

"இல்லைங்க சார்," என்றார் அப்பா. அம்மாவும் தலையாட்டினாள்.

டாக்டர் என் நோட்டைப் புரட்டினார். "இதுல இருக்கறதுக்கும் நான் பாக்கறதுக்கும் சம்பந்தமே இல்லையேம்மா. பயத்துல கூடுதலா எழுதிட்டீங்களோ?"

"இருக்கலாம் சார்," என்றேன்.

ஆறு வாரம் எழுதியதை நானே ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுத்தேன். அதே மாத்திரையைத் தொடரச் சொல்லி, மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்.

அப்பா நன்றாக நடக்கிறாரே என்று பஸ்ஸிலேயே திரும்பலாம் என்றாள் அம்மா. சாப்பிட்டுவிட்டு பஸ் நிலையத்துக்குப் போனோம். கன்னிவாடி பஸ்ஸின் படியில் வலது காலை வைத்த அப்பா அப்படியே நின்றுவிட்டார். இடது கால் தரையை விட்டு எழவில்லை.

"ஏறுங்க பெருசு, போட்டோவுக்கா நிக்கிறீக?" என்றார் கண்டக்டர். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவரே இறங்கி வந்து தாங்கி, பெஞ்சில் உட்கார வைத்தார்.

மணி பன்னிரண்டு பத்து. பழக்கதோஷத்தில் நோட்டில் எழுதினேன். எழுதிய கையோடு பின்னால் எண்ணினேன். இரண்டு மணி நேரம். அதற்கு முன் நாற்பது நிமிடம். ஒன்பதரை.

அம்மாவின் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தேன். நேற்று ராத்திரி ஆறு என்று எழுதியிருந்தேன். ஐந்துதான் இருந்தது.

"அம்மா, ஒன்பதரைக்கு மாத்திரை கொடுத்தியா?"

அவள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கொடுத்தேன். அதுக்கென்ன இப்ப? சீட்டு எழுதுறாளே புவனேஸ்வரி, அவ தம்பிக்குத்தேன் உன்னயக் கேட்டிருக்காக. இவரு ரெண்டு ஆளு புடிச்சு இழுத்துக்கிட்டுப் போற மாதிரி போனா, அவ வீட்டுல போயி என்னான்னு சொல்லுவா?"

"எனக்கு மாப்பிள்ளை பாக்குறது எனக்கே தெரியாதா?"

"முடிஞ்சப்பறம் சொல்லலாம்னு இருந்தோம்."

இருந்தோம் என்றாள். அப்பாவைப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டார். கை தொடையில் அடித்துக்கொண்டிருந்தது.

நான் விளக்கிச் சொன்ன நாற்பது நிமிடத்தை வைத்துத்தான் என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். டாக்டர் முன்னால் என்னைப் பொய்க்காரியாக நிற்க வைத்து, இரண்டு பேரும் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

"டாக்டர் ஒரு மணி வரைக்கும் இருப்பார். திரும்பப் போவோம்," என்றேன்.

"கோட்டி புடிச்சிருக்கா ஒனக்கு? மூணு மாசந்தான, அப்பறம் வருவோம் தாயி."

"மூணு மாசத்துல எத்தன தடவ விழுவாரு? சொல்லு."

நான் அப்பாவின் முன்னால் உட்கார்ந்தேன். தூக்கிக்கொண்டு போக எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. "வாரீங்களாப்பா?"

காதில் விழுந்தும் விழாத குரலில் கேட்டார். "பொய் சொல்லிட்டேன்லம்மா. சார் வைவாரா?"

"வைவாரு."

"சரி, போவோம்."

கண்டக்டர் கூப்பிட்ட ஆட்டோவில் ஏறினோம். அம்மாவும் வந்தாள், டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து. மருத்துவமனை வாசலில் நானும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, அப்பா அங்குலம் அங்குலமாகத் தரையைத் தேய்த்து உள்ளே வந்தார்.

புவனேஸ்வரி எழுந்து நின்றாள். "ஏனுங்க, காலைல நல்லாத்தானுங்க நடந்து போனாரு?"

அம்மா என்னையே பார்த்தாள். வழியில் தடுக்கிவிட்டது என்று சொன்னால் போதும் என்று அவள் கண் கெஞ்சியது.

"காலையில மாத்திரை போட்டுட்டு வந்தாருக்கா. டாக்டர்கிட்ட போடலன்னு சொல்லிட்டோம். இப்ப மறுபடி பாக்கணும்."

அவள் அப்பாவையும் பார்த்து, என்னையும் ஒரு கணம் நிறுத்திப் பார்த்தாள். பிறகு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து, டாக்டர் அறைக்குள் போனாள்.

அம்மா இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். நடுவில் பையை வைத்தாள். நான் நோட்டைத் திறந்து, அன்றைய பக்கத்தின் மேலே விட்டுப்போன வரியை எழுதினேன்: காலை 9.30, ஒரு மாத்திரை, கொடுத்தது அம்மா.

மணி பன்னிரண்டு நாற்பத்தைந்து. கதவு திறந்தது.

"கருப்பணன்," என்று அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள்.