பந்து வளையத்தைத் தொடும்வரை

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்றேகால் மணிக்கு ஆவுடைச்செல்வி எறிந்த பந்து, வெள்ளிக்கிழமையாகியும் கீழே வரவில்லை. மண்டல மகளிர் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியின் இறுதி ஆட்டம் அது. ஆட்ட நேரம் முடிந்துவிட்டது. அவளுடைய கல்லூரி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. கடைசி நொடியில் அவளை இடித்துத் தள்ளியதற்காக தடுப்பாரில்லாமல் நின்று எறிய இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார்கள். எறிந்தது முதலாவதைத்தான்.

பந்து வளையத்தைத் தொடும்வரை எறிந்தவள் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பின்னாலிருக்கும் அரைவட்டத்தை விட்டு வெளியே வரக் கூடாது. வந்தால் எறி செல்லாது. பிறகு இரண்டாவது விழுந்தாலும் புள்ளி சமமாகி, இன்னும் ஐந்து நிமிடம் ஆட வேண்டும். அவள் அணியில் ஆட மிச்சமிருந்தது நாலு பேர்தான், அதில் ஒருத்திக்குக் கணுக்கால் வீங்கியிருந்தது. அதனால் ஆவுடைச்செல்வி நின்றாள்.

நடுவர் ஞானராஜும் நின்றார். சாப்பிடும்போது மட்டும் விசிலை வாயிலிருந்து எடுத்தார். எதிர் அணிப் பெண்கள் தினமும் காலையில் விடுதியிலிருந்து வந்து, அண்ணாந்து பார்த்து, "இன்னும் இறங்கலையாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பந்து தென்னை உயரத்தில் இருந்தது. மேலே போய்க்கொண்டிருக்கிறதா, கீழே வருகிறதா என்பதில் இரண்டு கருத்து இருந்தது.

கோப்பை கிடைத்தால் பல்கலைக்கழக அணியில் இடம், அந்த இடத்தை வைத்து எம்.ஏ. படிப்பு. கிடைக்காவிட்டால் ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவு. அம்மா அங்கே ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தாள். அந்தக் கடையில் காலை ஒன்பதரையிலிருந்து இரவு ஒன்பதரை வரை நிற்க வேண்டும். அங்கே நிற்காமலிருக்கத்தான் ஆவுடைச்செல்வி இங்கே நின்றுகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் அம்மா பேச்சித்தாய் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். பதினாலு வருடமாகப் பட்டுப் பிரிவில் நிற்பவள். வந்ததும் பந்தைப் பார்க்கவில்லை, மகளின் காலைத்தான் பார்த்தாள்.

"எந்தக் காலு கூடக் கடுக்குது?"

"ரெண்டும்தாம்மா."

"பெருவிரல உள்ள மடக்கிக்க. ஒரு மணி நேரம் தாங்கும். அப்புறம் குதிங்கால மாத்திக்க."

மடக்கினாள். ஒரு மணி நேரம் தாங்கியது.

அணியைக் கூட்டிவந்திருந்த பி.டி. மேடம் பேச்சித்தாய்க்குப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். "இருக்கட்டும் மேடம்," என்று சொல்லிவிட்டு அவள் மகளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். நாற்காலியில் பி.டி. மேடத்தின் கைப்பை உட்கார்ந்தது. சனியும் ஞாயிறும் அப்படியே போயின. அம்மாவின் முழங்காலுக்குக் கீழே நரம்பு முடிச்சு முடிச்சாகப் புடைத்திருந்தது. அதைப் பார்த்தபோது ஆவுடைச்செல்விக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோப்பை வேண்டாம், எம்.ஏ.யும் வேண்டாம், எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் பந்து இறங்கியது. வளையத்தைத் தொட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, உள்ளே விழுந்தது. ஞானராஜ் விசில் ஊதி ஒரு விரலைக் காட்டினார். புள்ளிகள் சமமாயின. எதிர் அணிப் பெண்கள் கைதட்டினார்கள். அவர் பந்தை எடுத்து, ஒருமுறை தட்டிப் பார்த்து, மறுபடி அவளிடம் கொடுத்தார்.

"ரெண்டாவது. அஞ்சு செகண்ட்மா."

ஆவுடைச்செல்வி பந்தை வாங்கி வானத்தைப் பார்த்தாள். அதில் ஒரு நொடி போனது. அம்மாவைப் பார்த்தாள். அதில் இன்னொன்று.

"சார், உக்காந்துட்டு எறியலாமா?"

ஞானராஜ் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தார். படித்து முடிக்க மணி ஒன்றாகிவிட்டது.

"கால் வெளிய வரக் கூடாதுன்னு இருக்கு. உக்காரக் கூடாதுன்னு எங்கயும் போடலை."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்லா சார்?"

"நீ கேக்கலையம்மா."

பேச்சித்தாய் நாற்காலியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "எங்க கடையிலயும் உக்காரக் கூடாதுன்னு எங்கயும் எழுதிப் போடலை," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. "பதினாலு வருஷத்துல ஒருத்தியும் கேக்கலை."

ஆவுடைச்செல்வி அரைவட்டத்துக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். இடுப்பிலிருந்து பாதம்வரை ஏதோ அவிழ்ந்து இறங்கியது. மீதமிருந்த மூன்று நொடியில் இரண்டை அந்தச் சுகத்துக்கே கொடுத்துவிட்டு, கடைசி நொடியில் எறிந்தாள். பந்து மேலே போனது. பேச்சித்தாய் கைப்பையை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அவள் வேலைக்கு வராததால் செவ்வாய்க்கிழமை காலையில் கடையின் பட்டுப் பிரிவு மைதானத்துக்கு வந்தது. கண்ணாடி மேசையை ஃப்ரீ த்ரோ கோட்டையொட்டிப் போட்டார்கள். முகூர்த்தப் புடவை எடுக்க வந்த கல்யாண வீட்டார் பதினொரு பேர் வளையத்துக்குக் கீழே வரிசையாக நின்றார்கள். முதலாளியும் நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் காலை மாற்றி மாற்றி வைத்தார்.

"பெருவிரல மடக்கிக்கிடுங்க முதலாளி," என்றாள் பேச்சித்தாய். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மடக்கிக்கொண்டார்.

பந்து மூன்றாவது மாடி உயரத்தில் இருந்தது. பேச்சித்தாய் ஒரு மாம்பழக் கலர் புடவையைப் பிரித்து, முந்தானையைப் பிடிக்கச் சொல்லி மகளிடம் நீட்டினாள். ஆவுடைச்செல்வி உட்கார்ந்தபடியே பிடித்துக்கொண்டாள்.