பதினெட்டு நாள் காளான்

டோரிஸுக்குத் தையல் போட்ட இடம் ஆறவில்லை. பித்தப்பையை எடுத்து ஐந்து வாரமாகியும் கட்டுத்துணி நனைந்துகொண்டேயிருந்தது. ரத்தத்தில் புரோட்டீன் போதவில்லை, மீனும் முட்டையும் கோழியும் சாப்பிட்டால்தான் சதை கூடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். சொன்ன மறுநாளே தவக்காலம் தொடங்கியது. வினை அங்கேதான்.

போன வருஷம் புருஷன் மரியஜோசப் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, "இந்த மனுஷனைத் திருப்பிக் குடுத்துரு, வருஷா வருஷம் தவக்காலம் முடியிற வரைக்கும் கவுச்சி தொடமாட்டேன்" என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டவள் டோரிஸ். மனுஷர் பிழைத்து வந்துவிட்டார். நோயாளிக்கு விலக்கு உண்டென்று ஃபாதரே வீட்டுக்கு வந்து சொல்லிப் பார்த்தார். "அது எனக்கும் மாதாவுக்கும் உள்ள பேச்சு ஃபாதர், நீங்க காப்பி குடிங்க" என்றுவிட்டாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவளோடு முப்பத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்திய மரியஜோசப் காப்பி கலக்க எழுந்து போனார்.

அவருக்குச் சுங்கை சிப்புட் பக்கம் ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. பழைய எஸ்டேட்டைத் துண்டு போட்டபோது வாங்கியது. மற்றவர்கள் ரப்பர் பால்மரத்தை வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட, இவர் மட்டும் மரங்களை நிற்கவிட்டு, நிரைக்கு நடுவே கொக்கோ, வாழை, பெத்தாய் என்று வைத்துக் காடாக்கியிருந்தார். சோம்பேறித்தனம் என்பாள் டோரிஸ். அந்தக் காட்டில் விழுந்து உளுத்த பால்மரக் கட்டைகளில், மழை விட்டதும், விசிறி விசிறியாகச் சாம்பல் காளான் பூக்கும். தோட்டத்துச் சனம் தலைமுறையாகத் தின்று பழகிய காளான்.

தைப்பிங்கில் விவசாய இலாகாவில் வேலை செய்யும் அவருடைய தம்பி மகள் ஜெனட், அந்தக் காளானைப் பற்றிய ஒரு மலாய் துண்டுத்தாளைப் படம் பிடித்து அனுப்பினாள். நூறு கிராமில் பதினாறு கிராம் புரோட்டீன் என்றிருந்தது. மரியஜோசப் குதிக்காத குறைதான்.

"கோழிக்குக் கிட்ட வந்திருச்சு டோரிஸ்! இனிமே மாதாவுக்கும் கோவம் வராது, டாக்டருக்கும் கோவம் வராது லா!"

அன்றிலிருந்து தினமும் காலையில் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போவார், தூறலானாலும் போவார். தோல் மாதிரி தடித்த காளான் அது. அவித்து, உரலில் இடித்து, மஞ்சளும் சிலிபாடி மிளகாயும் தேங்காய்ப்பாலும் ஊற்றிக் காய்ச்சி, கிண்ணம் நிறைய அவள் முன்னால் வைப்பார். உடம்புக்கானதில் பங்கு போடக்கூடாது என்று ஒரு துண்டுகூடத் தன் வாயில் போடமாட்டார். தனக்குக் கெம்போங் மீன் இரண்டைப் பொரித்து, அவள் கண்ணில் படாமல் பின்வாசலில் நின்று திருடன் மாதிரி தின்பார்.

"எப்படி இருக்கு?"

"ம். நல்லா இருக்கு."

பதினெட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ரத்தத்தில் புரோட்டீன் ஏறவேயில்லை. இரண்டு வாரத்தில் காயம் மூடாவிட்டால் திறந்து மறுபடி தைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். சத்துணவுப் பிரிவில் தினேஸ்வரி என்ற பெண் என்ன சாப்பாடு என்று விசாரித்தாள். மரியஜோசப் பெருமையோடு ஃபோனை நீட்டினார். அவள் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினாள்.

"கீழ சின்ன எழுத்துல பாருங்க அங்கிள். இது காயவெச்ச காளானுக்குச் சொன்ன அளவு. பச்சையா பறிச்சா பெரும்பாலும் தண்ணிதான். ஒரு கிண்ணத்துல ரெண்டு மூணு கிராம் இருந்தா பெரிசு."

"அப்ப அதுல சத்தே இல்லயாம்மா?"

"இருக்கு அங்கிள். நார்ச்சத்து இருக்கு, இரும்பு இருக்கு, நல்ல சாப்பாடுதான். ஆனா இந்தக் காயம் ஆறணும்னா ஆண்ட்டி தினம் ஒரு பானையே காலி பண்ணணும் லா."

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரியாய்ப் போயிற்று. வரும் வழியில் மரியஜோசப் மார்க்கெட்டில் காரை நிறுத்தி, காயத்துக்கு ஊரே சொல்லும் ஹருவான் என்கிற விரால் மீன் ஒன்றை வாங்கிவந்து காலடியில் வைத்தார். டோரிஸ் காலை ஒதுக்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றார். படுத்துவிட்டவரின் நேர்ச்சையை வீட்டார் ஒருவர் தோள் மாற்றிக்கொள்வது அவர்கள் குடும்பத்தில் உள்ள வழக்கம். முதல் நாளே அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மீனை விட்டுவிட மனசில்லாமல்தான் காளானைப் பிடித்துக்கொண்டார் என்பது காரில் வரும்போதுதான் அவருக்கே உறைத்தது. வெட்கமாகப் போய்விட்டது.

"மாதாவே, இவ நேர்ச்சையை இனிமே நான் சுமக்கிறேன். மிச்ச நாளும் கவுச்சி நான் தொடமாட்டேன். இவளை விட்டுரு."

"மீன் இல்லாம ஒரு வாய் சோறு எறங்காது உங்களுக்கு" என்றாள் டோரிஸ்.

"எறங்கும்."

அவள் மாதா படத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, "சூப்புல இஞ்சி நெறைய தட்டிப் போடுங்க" என்றாள்.

மத்தியானம் மேசையில் கிண்ணங்கள் இடம் மாறின. அவளுக்கு ஹருவான் சூப். அவருக்குக் காலையில் காய்ச்சிய காளான். மரியஜோசப் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றார். இன்னும் மென்றார். மோட்டார் டயரைக் கடிப்பது போலிருந்தது. உப்பும் இல்லை.

"இதையா பதினெட்டு நாளா தின்ன? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல!"

டோரிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உரல்ல இடிக்கிறப்போ உங்களுக்கு மூச்சு வாங்கும். ரூமுல படுத்திருந்தா எனக்குக் கேக்கும். அதைக் கேட்டதுக்கப்புறம் நல்லால்லன்னு சொல்ல வாய் வருமா?"

மரியஜோசப் குனிந்த தலை நிமிராமல், கிண்ணத்தில் இருந்ததை ஒரு துண்டு மிச்சம் வைக்காமல் மென்று தின்றார்.