ஒரு பெட்டிக்கு மேல் இடமில்லை

மணவாள நகரில் திலகவதியின் அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறைதான் கிடைத்தது. பீரோவும் கட்டிலும் போட்டால் நடக்க இடமிருக்காது. அதனால் புருஷன் தேசப்பனின் எலெக்ட்ரானிக்ஸ் சாமான்களுக்கு ஒரே ஒரு அட்டைப்பெட்டி, அதற்கு மேல் கிடையாது என்று அவள் கறாராகச் சொல்லிவிட்டாள்.

கும்மிடிப்பூண்டி வாடகை வீட்டில் அந்தச் சாமான்கள் ஒரு சுவர் முழுக்க இருந்தன. இருபது வருஷச் சேகரிப்பு. பாதி சென்னை ரிச்சி தெருவில் பொறுக்கியது. மீதி, அக்கம்பக்கத்தார் தூக்கிப்போட்ட டிவி, ஸ்டெபிலைசர், யுபிஎஸ் எல்லாவற்றையும் பிரித்து எடுத்தது. ஊறுகாய் பாட்டில்களில் ரெசிஸ்டர், மாத்திரை டப்பாக்களில் ஐசி, பழைய தாம்பூலப் பைகளில் வயர். பகலில் சிப்காட்டில், இரும்புத் தகடு அடித்து வெட்டும் ஒரு பிரஸ் ஷாப்பில் மெயின்டனன்ஸ் எலெக்ட்ரீஷியன் வேலை. வீடு வந்ததும் கைலிக்கு மாறி சால்டரிங் அயர்னைச் சூடேற்றிவிடுவான். குடியும் சீட்டும் இல்லாத மனுஷனுக்கு இதாவது இருக்கட்டும் என்று திலகவதியும் விட்டிருந்தாள்.

இப்போது வேலை இல்லை. செவ்வாய்க்கிழமை வண்டி வருகிறது. வியாழக்கிழமை காலையே இருவரும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். அவன் பக்கம் அட்டைப்பெட்டி, அவள் பக்கம் காயலான் கடைக்குப் போகும் கோணிப்பை.

"இது?"

"போடு."

"இது?"

"அது டிரான்ஸ்பார்மர். நல்லா கீது."

"நல்லாத்தான் கீது. அம்மி கணக்கா கனக்குது. இத்த வெச்சுக்கினு இன்னா பண்ணப் போற?"

டிரான்ஸ்பார்மர் கோணிக்குப் போனது. முதல் ஒரு மணி நேரம் இப்படி வேகமாகத்தான் ஓடியது. பிறகு அவன் சின்னச் சின்னவற்றில் மாட்டிக்கொண்டான். நூறு ரெசிஸ்டரை எடுத்து நிறக்கோடு பார்த்து வரிசை கட்டுவான். பெட்டியில் வைப்பான், மறுபடி எடுப்பான். திலகவதி பரணில் கை விட்டு, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றை இழுத்தாள். இரண்டு பக்கமும் வயர் தொங்கியது.

"மொதல்ல இத்தத் தூக்கிப் போடு. இதாலதான் இவ்ளோ பேஜாரு."

அதை மட்டும் அவள் கையிலிருந்து அவன் வாங்கிக்கொண்டான்.

கம்பெனியில் ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் எல்லம்மா என்றொரு பெண் வேலை செய்தாள். பழவேற்காட்டுப் பக்கம் ஒரு மீனவக் குப்பம். கான்ட்ராக்ட் ஆள், கம்பெனி வேனில் வந்து போவாள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவனிடம் வந்து, "அண்ணா, அந்த மிஷினு சில நேரம் ஒரு தபா மிதிச்சா ரெண்டு தபா அடிக்குதுண்ணா" என்றாள். ஷிப்ட் இன்சார்ஜிடம் சொன்னாயா என்று கேட்டான். சொன்னாளாம். உன் காலுதான் ரெண்டு தடவை மிதிக்குது என்று அவர் சிரித்தாராம்.

தேசப்பன் பிரஸ்ஸைத் திறந்து பார்த்தான். பிரஸ்ஸை இறக்கும் வால்வு தேய்ந்திருந்தது. மாற்றச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தும் வால்வு வரவில்லை. மூன்று வாரம் வீட்டில் உட்கார்ந்து அந்தச் சாம்பல் பெட்டியைச் செய்தான். தகடு வைக்கும் டைக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கோடு ஓடும், கை அதை மறித்தால் பிரஸ் இறங்காது. எத்தனை முறை நின்றது என்று தேதியும் நேரமும் போட்டு ஒரு மெமரி கார்டில் எழுதும். ஒருமுறைகூட நிற்காவிட்டாலும் மணிக்கொரு தரம், உயிரோடு இருக்கிறேன் என்பதுபோல் ஒரு வரி எழுதும். யாரிடமும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் கொண்டுபோய் மாட்டினான்.

கேட்காமல் மாட்டியது தப்புத்தான், அது அவனுக்கும் தெரியும். எண்ணெய்ப் புகை படிந்தால் பெட்டி சும்மாவே பிரஸ்ஸை நிறுத்தியது என்பதும் உண்மை. அடித்து முடிக்கும் பீஸ் எண்ணிக்கை குறைந்தது. இரண்டாவது வாரத்தில் இன்சார்ஜ் வந்து வயரோடு பிடுங்கி அவன் நெஞ்சில் தள்ளினார். "உன் ஹாபிய உன் வீட்டோட வெச்சுக்கோ. இது புரொடக்ஷன்."

"சரி சார்" என்று சொல்லி, பெட்டியைச் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டான் தேசப்பன்.

பெட்டியைப் பிடுங்கிய பதினாறாம் நாள் பிரஸ் இரண்டு முறை அடித்தது. எல்லம்மாவின் வலது கையில் மூன்று விரல் போயிற்று.

விசாரணை என்று உட்கார்ந்தவர்கள் பழியை அவன் தலையில் கட்டினார்கள். அனுமதியில்லாமல் மெஷின் வயரிங்கில் கை வைத்தான், அதனால்தான் விபத்து. அப்படி ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டால், தானாகவே வேலையை விட்டதாக நல்ல லெட்டர் தருவார்கள். போடாவிட்டால் லெட்டர் கிடையாது, போலீஸ் கேஸ். திங்கட்கிழமை வரை அவகாசம்.

இப்போது தேசப்பன் அந்தச் சாம்பல் பெட்டியைத் திறந்து மெமரி கார்டை எடுத்து போனில் போட்டான். கடைசி வரி ஜனவரி பன்னிரண்டு, காலை பதினொரு மணி. எல்லம்மாவுக்குக் கை போனது ஜனவரி இருபத்தெட்டு.

"பாரு திலகா. அடிபட்ட அன்னிக்கு இது மிஷின்லயே இல்ல. இதுல எழுதிக்கினு கீது."

அவள் போனை வாங்கிப் பார்த்தாள். "உன் பொட்டி, உன் கார்டு. ராத்திரி உக்காந்து நீயே எழுதினேன்னு சொல்ல மாட்டானா?"

"அந்தப் பொண்ணு கேஸ் போட்டா, கூட இதையும் வைக்கலாம் இல்ல? மிஷின் கோளாற அவளும் பாத்தா, நானும் பாத்தேன். ரெண்டு பேரு சொன்னா?"

திலகவதி கோணியின் வாயை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "போயி கேட்டுட்டு வா" என்றாள் கடைசியில். "கேக்காம உட்டா நீ தூங்க மாட்ட."

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துப் போனான். எல்லம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்து இடது கையால் இறால் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. கட்டு பிரித்துவிட்டார்கள். அவன் அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தான், முடியவில்லை.

கார்டைக் காட்டினான். தேதியைச் சொன்னான். அவள் உரிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நான் கையெழுத்து போட்டுட்டேன்ணா. என் அசால்ட்டாலதான் அடிபட்டுச்சுன்னு எழுதிக்கினு வந்தாங்க. ஆஸ்பத்திரி செலவு பாத்துக்கினாங்க. தங்கச்சிக்கு வேலை போட்டுக் குடுத்தாங்க."

"படிச்சுப் பாத்தியா?"

"இந்தக் கைய வெச்சுக்கினு இன்னாத்தப் படிக்கிறது."

அடுத்த இறாலை எடுத்தபடி அவளே கேட்டாள். "ஒண்ணு கேக்கட்டா? அன்னிக்கு அந்தாளு பொட்டியப் புடுங்கினப்ப நானு எதிர்லதான் நின்னுக்கினு இருந்தேன். நீ எதுனா சொல்லுவேன்னு உன் மூஞ்சியவே பாத்தேன். சரி சார்னு சொல்லி பையில போட்டுக்கினு பூட்ட. எனக்கு ஒரு வார்த்தை, ஏழுல உக்காராத எல்லம்மான்னு ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

வால்வு, மூன்று கடிதம், மூன்று வாரம் சால்டர் வைத்தது எல்லாம் அவன் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அவள் கேட்டது வேறு.

கம்பெனி வேன் ஹாரன் கேட்டது. நீலக் கோட்டுப் போட்ட ஒரு பெண் துள்ளி இறங்கி ஓடிவந்தாள். இருபது வயது இருக்கும். தங்கை கெங்கம்மா.

"மெயின்டனன்ஸ் அண்ணாதான? அக்கா சொல்லிக்கீது" என்று சிரித்தாள்.

"உன்னை எந்த மிஷின்ல போட்டுக்கறாங்கம்மா?"

"ஏழு."

"வால்வு மாத்திட்டாங்களா?"

"அதெல்லாம் தெரியாதுண்ணா. எப்பனா ரெண்டு தபா அடிக்குது. நான் உஷாராத்தான் கீறேன்."

தேசப்பன் எல்லம்மாவைப் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பவில்லை. "நீ கேஸ்னு போனா இவளையும் அனுப்பிடுவாங்க. ஊட்டுக்காரருக்குக் கடல்ல தொழில் சரியில்ல. எங்களுக்கு இது ஒண்ணுதான். உனக்குப் புண்ணியமாப் போவும், எதுவும் பண்ணாத."

"இவளை வேற மிஷின்ல போடச் சொல்லும்மா. அதாவது கேளு."

"எனக்காக நீ கேட்டியா?" என்றாள் எல்லம்மா.

வீடு திரும்பியதும் தேசப்பன் கார்டை இரண்டாக ஒடித்து சாக்கடையில் போட்டான். சாம்பல் பெட்டியைத் தானே கோணிக்குள் தள்ளினான். பிறகு வரிசை கட்டி வைத்திருந்த ரெசிஸ்டர், பாட்டிலோடு ஐசி, ரிலே, மோட்டார் எல்லாவற்றையும் பார்க்காமல் வாரிக் கொட்டினான். ஒரு பாட்டில் உடைந்து உள்ளங்கையைக் கிழித்தது. அதையும் கவனிக்கவில்லை.

"எல்லாத்தையுமா?" என்று பதறினாள் திலகவதி. இத்தனை நாள் தூக்கிப் போடு என்று சொன்னவள் அவள்தான். அவன் முகம் பார்த்து அதற்குமேல் கேட்கவில்லை. அவன் கை கழுவப் போன நேரத்தில் கோணியைக் கிளறி மல்டிமீட்டரையும் சால்டரிங் அயர்னையும் எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே இரண்டு புடவை போட்டு மூடினாள்.

திங்கட்கிழமை அவன் கையெழுத்துப் போட்டான். லெட்டர் நன்றாகத்தான் எழுதியிருந்தார்கள். நேர்மையானவர், உழைப்பாளி.

மணவாள நகருக்குப் போன மூன்றாவது வாரம், திருவள்ளூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் ஆள் கேட்கிறார்கள் என்று மச்சான் அழைத்துப் போனான். முதலாளி லெட்டரைப் படித்துவிட்டு உள்ளே கூட்டிப்போய்க் காட்டினார். நான்கு பிரஸ். ஒன்றிலும் கையைக் காக்கும் தடுப்பு இல்லை. முதல் பிரஸ்ஸில் ஒரு நடுத்தர வயதுப் பெண் குனிந்து தகடு வைத்துக்கொண்டிருந்தாள். தேசப்பன் சுவரிலிருந்த ஸ்விட்ச் போர்டைப் பார்த்தபடி அவளைக் கடந்தான்.

"எலெக்ட்ரானிக்ஸ், சென்சார், அது இதுன்னு எதுனா பண்ணுவியாபா?" என்று கேட்டார் முதலாளி. "அந்த மாதிரி ஒருத்தன் இருந்தான். எதையாவது நோண்டிக்கினே இருப்பான். அனுப்பிட்டேன்."

"இல்ல சார். வயர் இழுப்பேன், பியூஸ் போடுவேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாது."

முதலாளிக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. நாளைக்கே வரச் சொன்னார்.